அவசரத்தில் பிறந்த துப்பாக்கி

நம் சங்கத்தின் இதழிலே கோயில்களைப் பற்றியும் இசையைப் பற்றியும் பிறந்த ஊரின் திருவிழாக்களைப் பற்றியும் அன்பர்கள் பலர் எழுதி வருகின்றனர். அவற்றின் நடுவே ஒரு துப்பாக்கியின் வரலாற்றைக் காணும் வாசகர்கள் சிலர் வியப்படையக்கூடும். சிலர் முகம் சுளிக்கவும் கூடும். கொல்லும் கருவிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பது நியாயமே. போரைப் புகழ்வதற்காக நாம் இதனை எழுதப் புகவில்லை. மனிதன் செய்யும் பொருள் எதுவாயினும், அஃது எந்த நெருக்கடியில் பிறந்தது, எவற்றை விட்டுக்கொடுத்து உருவாயிற்று, அவ்வாறு விட்டுக்கொடுத்ததற்கு யார் விலை கொடுத்தனர் என்று ஆராய்ந்தால், அதிலே நம் வாழ்க்கைக்கும் ஒரு பாடம் கிடைக்கும். அந்த எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மேலும், நம் வாசகர்களுள் பலர் தொழிற்சாலைகளை நம்பி வடக்கே வந்த குடும்பத்தினர். படைக்கலத் தொழிற்சாலையிலும் இரயில்வேப் பட்டறையிலும் தந்தையோ பாட்டனோ இயந்திரத்தின் முன்னே நின்று ஈட்டிய ஊதியத்தில் வளர்ந்தவர்கள். நாமும் கான்பூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் 32 ஆண்டுகள் பணி செய்தோம். செய்து முடித்த உறுப்புகளை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் கையொப்பமிடும் பரிசோதகர் வேலை அது. ஆகவே ஒரு கருவியைக் கண்டால் அதன் அழகைக் காட்டிலும் அதன் அளவுகளையே முதலில் நோக்கும் பழக்கம் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

நாம் சொல்லப் புகுவது ஸ்டென் துப்பாக்கியின் கதை.

1940-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பிரான்சு நாட்டின் டன்கர்க் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் ஜெர்மானியரால் வளைத்துக்கொள்ளப்பட்டன. போர்க்கப்பல்களும் மீன்பிடி படகுகளும் உல்லாசப் படகுகளுமாகச் சேர்ந்து ஜூன் 4-ஆம் தேதிக்குள் 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்களைக் கால்வாய்க்கு இப்புறம் கொண்டு வந்து சேர்த்தன. உயிர்கள் தப்பின, ஆயுதங்கள் தப்பவில்லை. பீரங்கிகளும் வண்டிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் மணலிலேயே கிடந்தன. எந்நேரமும் பகைவன் கடல் கடந்து வந்து இறங்கலாம் என்ற அச்சம் இங்கிலாந்து முழுவதும் பரவியிருந்தது. படைவீரனுடைய கையில் கொடுப்பதற்குத்தான் கருவி இல்லை.

அந்தக் காலத்து ஜெர்மானியப் படையிடம் கைக்கு அடக்கமான ஒருவகை இயந்திரத் துப்பாக்கி இருந்தது. கைத்துப்பாக்கிக்குரிய சிறு தோட்டாக்களை மழைபோலப் பொழிய வல்லது. இதனைச் சப்மெஷின் கன் என்று அழைப்பர். பிரிட்டிஷ் படைத்தலைவர்கள் இவ்வகை ஆயுதத்தைப் பல ஆண்டுகளாகப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க நகரங்களின் கொள்ளைக் கூட்டத்தார் ஏந்தித் திரியும் கருவி என்று எண்ணி ஒதுக்கியிருந்தனர். போர் மூண்ட பின்னர் அவர்களே அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பி, அக்கூட்டத்தார் விரும்பிய தாம்சன் துப்பாக்கியையே வாங்க வேண்டியதாயிற்று.

தாம்சன் உறுதியான கருவி. கடைந்தெடுத்த இரும்பும் மெருகேற்றிய மரமுமாக அழகாக இருக்கும். ஆனால் 1939-இல் அதன் விலை ஒன்றுக்கு ஏறத்தாழ 200 டாலர். அட்லாண்டிக் கடலைக் கடந்து வர வேண்டும். வழியிலே ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. உள்நாட்டிலேயே செய்து பார்ப்போம் என்று, ஜெர்மானியரின் பழைய மாதிரி ஒன்றைப் பின்பற்றி லான்செஸ்டர் என்ற துப்பாக்கியைச் செய்தனர். அதுவும் நல்ல கருவியே. தோட்டாப் பெட்டியைச் செருகும் பகுதிக்குப் பித்தளை, தோளில் தாங்குவதற்கு நேர்த்தியான மரக்கட்டை, முனையிலே ஈட்டி செருக இடம் என்று எல்லாம் அமைந்திருந்தன. ஆனால் அத்தனை நேர்த்திக்கு வேண்டிய காலம்தான் இங்கிலாந்திடம் இல்லை. லான்செஸ்டர் பெரும்பாலும் கடற்படைக்கே சென்றது.

இந்த நிலையிலேதான் என்பீல்டு நகரத்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையின் தொடர்புடைய இருவர் ஒரு புதுவழி கண்டனர். ஒருவர் மேஜர் ரெஜினால்டு ஷெப்பர்டு. மற்றவர் வரைபடக்காரரான ஹரால்டு டர்பின். 1941-ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் மாதிரி தயாராயிற்று. இருவர் பெயர்களின் முதல் எழுத்துகளையும் என்பீல்டு என்ற ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து ‘ஸ்டென்’ என்று பெயர் வைத்தனர். என்பீல்டு என்றவுடன் மோட்டார் சைக்கிளை நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி: 1955-இலிருந்து சென்னையில் உருவாகி வரும் ராயல் என்பீல்டு வண்டியின் பெயரும், அதன் தாய்க் கம்பெனி இதே அரசாங்கத் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்ததனால் வந்ததுதான்.

ஸ்டென்னின் அமைப்பைச் சொல்லுகிறோம். ஒரு நீண்ட இரும்புக் குழாய். அதனுள்ளே முன்னும் பின்னும் ஓடும் கனத்த இரும்புத் துண்டு. அதன் பின்னே ஒரு சுருள்வில். அந்த இரும்புத் துண்டைத்தான் போல்ட் என்பர். சுடுமுன் போல்ட் பின்னே இழுபட்டு நிற்கும். விசையை இழுத்தால் சுருள்வில் அதனை முன்னே தள்ளும். அது போகிற போக்கில் ஒரு தோட்டாவை எடுத்துக் குழலுக்குள் நுழைத்து, தன் முகத்திலேயே அமைந்த சிறு முனையால் தட்டி வெடிக்கச் செய்யும். வெடித்த வேகமே போல்ட்டைப் பின்னே உதைக்கும்; வெற்றுக் கூடு பக்கவாட்டில் தெறித்து விழும்; சுருள்வில் மீண்டும் முன்னே தள்ளும். இவ்வாறு நிமிடத்துக்கு 500 குண்டுகளுக்கு மேல் பாயும். பூட்டும் தாழும் கிடையா. போல்ட்டின் கனமும் சுருள்வில்லின் விறைப்புமே எல்லாவற்றையும் செய்துவிடும்.

தோளில் தாங்குவதற்கு மரக்கட்டை இல்லை. வளைத்துப் பற்றவைத்த இரும்புக் கம்பியோ குழாயோ போதும் என்று விட்டனர். குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழலச் செய்வதற்காக வெட்டும் திருகு வரிகள் ஆறு இருப்பது வழக்கம். பல ஸ்டென் குழல்களில் இரண்டே வரிகள் இருந்தன. கண்ணுக்கு அழகு தரும் மெருகு ஏதுமில்லை. பற்றவைத்த தழும்புகள் வெளியே தெரிந்தன. மிகுதியாகச் செய்யப்பட்ட இரண்டாம் மாதிரியில் மொத்தம் 47 உறுப்புகளே இருந்தன. எடை மூன்று கிலோகிராமுக்குச் சற்று மேல்; விலையோ இரண்டரைப் பவுன் அளவில் அடங்கிற்று. ஒரு தாம்சன் வாங்கும் பணத்தில் பல ஸ்டென் செய்துவிடலாம் என்றால், அன்றைய அதிகாரிகளின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ?

இதை யார் செய்தார்கள் என்பது இன்னும் சுவையானது. முதல் மாதிரியைச் செய்தது ஸ்காத்லாந்தின் கிளைடுபாங்க் நகரத்துச் சிங்கர் தொழிற்சாலை; நம் பாட்டிமார் ஓட்டிய தையல் இயந்திரத்தின் மேல் பொன்னெழுத்தில் பெயர் பொறித்த அதே சிங்கர்தான். இரண்டாம் மாதிரியைச் செய்தவர்களுள் ஒருவர் பி.எஸ்.ஏ. கம்பெனியார். நம் வீட்டுப் பிள்ளைகள் ஏறி விளையாடிய சைக்கிளின் மேலே இருந்த அம்மூன்று எழுத்துகளும் ‘பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்பதன் சுருக்கமே என்பதைப் பலர் அறியார். மூன்றாம் மாதிரியைச் செய்தது லைன்ஸ் பிரதர்ஸ் என்னும் பொம்மைக் கம்பெனி. குழந்தைகளுக்குத் தகர வண்டிகள் செய்தவர்களுக்குத் தகட்டை வளைத்து ஒட்டும் வித்தையைக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்கள் குழாயைக்கூடக் குழாயாக வாங்கவில்லை. தகட்டைச் சுருட்டி முதுகிலே பற்றவைத்துவிட்டனர். ஊர் ஊராகச் சிறு பட்டறைகள் ஆளுக்கொரு உறுப்பைச் செய்தன. கனடாவிலும் செய்தனர். எல்லாம் கூடி ஏறத்தாழ 40 இலட்சம் ஸ்டென் துப்பாக்கிகள் உருவாயின.

இதுவரை கேட்டால் இது வெற்றிக் கதை. தொழில் அறிந்தவர் எவரும் ஷெப்பர்டையும் டர்பினையும் வணங்காமல் இருக்க முடியாது. எது இல்லாமல் காரியம் நடக்கும் என்று ஒவ்வோர் உறுப்பையும் கேள்வி கேட்டு, தேவையற்றவற்றைக் கழித்து, கடைசல் வேலையைத் தகட்டு வேலையாக மாற்றியது சாமானியத் திறமை அன்று.

ஆனால் அதனை ஏந்திய சிப்பாய்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வைதார்கள். குழாய் வேலைக்காரன் கண்ட கெட்ட கனவு என்றும், மலிவுப் பண்டக் கடையான உல்வொர்த்தின் துப்பாக்கி என்றும் பெயர் வைத்தார்கள். அழகில்லை என்பதற்காக மட்டும் அவர்கள் வையவில்லை. அந்தத் துப்பாக்கி, மிகவும் வேண்டிய நேரத்தில் சுடாமல் நின்றது. வேண்டாத நேரத்தில் தானே சுட்டது. இந்த இரண்டு குறைகளுக்கும் காரணங்களைத் தனித்தனியே பார்ப்போம்.

மேகசின் என்று சிப்பாய்கள் சொல்லும் தோட்டாப் பெட்டி ஸ்டென்னின் இடப்பக்கத்தில் குறுக்காகச் செருகப்படும். அதிலே 32 தோட்டாக்கள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் வெளியே வரும் வாயிலோ ஒன்றே. இரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக்காக இரண்டு வரிசையில் நிற்கும் கூட்டம் ஒரே ஜன்னலை நெருங்கும்போது என்ன நேரும் என்பதை நாம் ஒவ்வொருவரும் கோடை விடுமுறைக்கு ஊர் போகும்போது அனுபவித்திருக்கிறோம். தோட்டாக்களும் அப்படித்தான் வாயிலிலே நெருக்கிக்கொண்டன. பெட்டியின் வாயோரத்துத் தகடு சற்றே வளைந்தாலும், உள்ளே சிறிது மண் புகுந்தாலும், தோட்டா வேண்டிய கோணத்தில் நிற்காது, போல்ட் அதனைச் சரியாக எடுக்காது, துப்பாக்கி நின்றுவிடும். குழாய் கோணலாயிருந்தால் காரியம் கெடவில்லை. பற்றவைத்த இடம் கரடுமுரடாயிருந்தாலும் கெடவில்லை. ஆனால் விரற்கடை நீளமுள்ள அந்த வாயோரம் மட்டும் மயிரிழை பிசகக்கூடாது. அதையும் மலிவுத் தகட்டிலேயே அவசரமாக அழுத்தி எடுத்தார்கள். இரண்டு வரிசை ஒரு வாயில் என்ற அந்த ஏற்பாடு, ஜெர்மானிய மாதிரியிலிருந்து வந்த பிதுரார்ஜிதம். அதனை மாற்றி அமைக்க அன்று அவகாசமில்லை.

இரண்டாவது குறை இன்னும் கொடியது. ஸ்டென்னில் போல்ட் முன்னே இருக்கும்போது அதனைப் பிடித்து நிறுத்தும் தடை தொடக்கத்தில் இல்லை. தோட்டாப் பெட்டி செருகிய நிலையில் துப்பாக்கி அடிப்பக்கம் தரையில் மோதும்படி விழுந்தால், கனத்த போல்ட் அந்த அதிர்ச்சியில் தானே பின்னுக்குத் தாவும். தாவியது திரும்பி வரும்போது ஒரு தோட்டாவை எடுத்து வெடித்துவிடும். வண்டியிலிருந்து குதித்தவனும், சுவரில் சாத்தி வைத்தவனும், அவன் பக்கத்தில் நின்ற தோழனும் இவ்வாறு காயமுற்றனர், சிலர் மாண்டனர். பிற்காலத்தில் போல்ட்டின் கைப்பிடியை உள்ளே அழுத்திக் குழாயோடு பிணைக்கும் சிறு துளை ஒன்றை அமைத்தனர். ஒரு துளை! அதற்கு ஆன செலவு மிகச் சொற்பமே.

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் வீட்டில் ஒரு முதியவர் வாழ்ந்தார். இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, பின்னர் இங்கே ஒரு தொழிற்சாலையின் காவல் பகுதியில் பணி செய்தவர். சிறுவர் முதல் பெரியவர் வரை அனைவருக்கும் அவர் ‘ஹவில்தார் மாமா’. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. ஐம்பதுகளில் ஸ்டென்னைத் தூக்கி நடந்தவர் ஆதலால் மாலை வேளைகளில் அதைப் பற்றிச் சொல்லுவார். “தம்பி, முப்பத்திரண்டு தோட்டா போடலாம் என்று புத்தகம் சொல்லும். நாங்கள் முப்பதோடு நிறுத்திக்கொள்வோம். சிலர் இருபத்தெட்டுக்கு மேல் போட மாட்டார்கள். புத்தகம் எழுதினவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை அல்லவா?” என்பார். பெட்டியைக் கைப்பிடியாகப் பற்றிச் சுடும் புதுச் சிப்பாய்களை அதிகாரிகள் எப்படி வைவார்கள் என்பதையும் நடித்துக் காட்டுவார். அப்படிப் பற்றினால் பெட்டி அசைந்து தோட்டா சிக்கிக்கொள்ளும். “உறங்கும் குழந்தையைத் தொட்டிலில் இடுகிற மாதிரி அதைத் தரையில் வைக்க வேண்டும்” என்று அவர் சொன்ன சொல் நம் நெஞ்சில் பதிந்துவிட்டது. செய்தவர்கள் மிச்சப்படுத்திய கவனத்தையெல்லாம் ஏந்தியவர்கள் செலவிட வேண்டியிருந்தது என்பதை இதனினும் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

இக்குறையினால் வரலாற்றின் ஒரு பெரிய தருணமே திசை மாறப் பார்த்தது. 1942-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி, பிராக் நகரத்துச் சாலை வளைவு ஒன்றில் யோசப் காப்சிக், யான் குபிஷ் என்னும் இரு வீரர்கள் காத்திருந்தனர். நாஜி ஆட்சியின் கொடியவர்களுள் ஒருவனான ஹைட்ரிஷ் திறந்த காரில் வந்தான். காப்சிக் மேலங்கியின் மறைவிலிருந்து ஸ்டென்னை எடுத்து, மிக அருகில் நின்று விசையை இழுத்தார். துப்பாக்கி சுடவில்லை. ஹைட்ரிஷ் அவரைக் கண்டு காரை நிறுத்தச் சொல்லித் தன் கைத்துப்பாக்கியை எடுத்தான். அந்தக் கணத்தில் குபிஷ் எறிந்த குண்டு காரின் பக்கத்தில் வெடித்தது. அதில் காயமுற்ற ஹைட்ரிஷ் ஜூன் 4-ஆம் தேதி இறந்தான். தோழர் கையில் குண்டு இல்லாதிருந்தால் பல மாத ஏற்பாடும் உயிர்த் துணிவும் அந்த ஒரு விசையிலேயே வீணாகியிருக்கும். அதன் பின்னர் நாஜிகள் லிடிட்சே என்ற சிற்றூரின் ஆடவரைச் சுட்டுக் கொன்று, ஊரையே தரைமட்டமாக்கினர். இரு வீரர்களும் ஜூன் 18-ஆம் தேதி, பிராக் நகரத்து மாதாகோயில் ஒன்றில் முற்றுகையிடப்பட்டு, இறுதிவரை போரிட்டு மடிந்தனர்.

ஆயினும் நடுநிலையோடு மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த எளிமையே ஸ்டென்னை அடிமைப்பட்ட நாடுகளின் ஆயுதமாக்கியது. இரவில் விமானத்திலிருந்து குடையில் கட்டி இறக்கினர். பிரித்து ஒரு சிறு பையில் மறைத்துவிடலாம். ஜெர்மானியரிடமிருந்து பறித்த ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவையே அதில் போட்டு அவர்களை நோக்கிச் சுடலாம். டென்மார்க்கிலும் நார்வேயிலும் தலைமறைவாக இருந்த தேசபக்தர்கள் பட்டறைகளில் தாங்களே ஸ்டென் செய்தனர். போலந்து மக்கள் அதன் உள்ளமைப்பைத் தழுவி, ‘மின்னல்’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு துப்பாக்கியை வார்சா நகரில் இரகசியமாகச் செய்தனர்; பற்றவைக்கும் வேலையைக் குறைத்து, திருகாணிகளால் இணைக்கும்படி அமைத்துக்கொண்டனர். ஏறத்தாழ 700 துப்பாக்கிகள் அவ்வாறு உருவாயின. பெரிய தொழிற்சாலை தேவைப்பட்டிருந்தால் இவற்றுள் ஒன்றும் நடந்திராது.

இதிலும் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. நேர்த்திக்குப் பெயர்போன ஜெர்மானியர், ஸ்டென்னைக் கண்டு எள்ளியவர்கள், 1944-ஆம் ஆண்டின் இறுதியில் தாங்களே அதனைப் படியெடுத்துச் செய்யத் தொடங்கினர். தோல்வி வாயிலில் வந்து நின்றபோது, முதியோரும் சிறுவரும் அடங்கிய மக்கட்படையின் கையில் கொடுக்க அவர்களுக்கும் மலிவான ஆயுதம் தேவைப்பட்டது. 1940-இல் இங்கிலாந்து இருந்த இடத்திற்கு 1945-இல் ஜெர்மனி வந்து சேர்ந்தது.

நம் நாட்டு வரலாற்றிலும் ஸ்டென்னுக்கு இடமுண்டு. 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி காஷ்மீரத்தின் நவ்ஷேராப் பகுதியில் தைந்தார் என்னும் காவலிடத்தை நாயக் ஜதுநாத் சிங் ஒரு சிறு குழுவோடு காத்து நின்றார். தோழர்கள் அனைவரும் வீழ்ந்தும் காயமுற்றும் போன பின்னர், தாமும் காயமுற்ற நிலையில் ஸ்டென்னை ஏந்தித் தனியொருவராக எதிரிகளின் மேல் பாய்ந்தார். திகைத்த எதிரிகள் சிதறி ஓடினர். அவர் மார்பிலும் தலையிலும் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். அவ்வாண்டு ஜூலை 18-ஆம் தேதி தித்வால் பகுதியில் ஹவில்தார் மேஜர் பீரு சிங்கும் ஸ்டென்னோடு முன்னேறி, அதன் தோட்டாக்கள் தீர்ந்த பின்னர் கையெறி குண்டுகளோடு ஊர்ந்து சென்று உயிர் துறந்தார். இருவருக்கும் மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. கருவியின் பெருமை அன்று இது. குறையுள்ள கருவியைக் கொண்டும் நிறைவான கடமையைச் செய்தவர்களின் பெருமை.

போர் முடிந்த பின்னர் பிரிட்டிஷார் ஸ்டென்னின் இடத்தில் ஸ்டெர்லிங் என்னும் துப்பாக்கியை 1953-இல் ஏற்றுக்கொண்டனர். அதனை அமைத்தவர் ஜார்ஜ் பாச்செட். அவர் எங்கே கை வைத்தார் என்று பாருங்கள். குழாயும் போல்ட்டும் சுருள்வில்லும் என்ற அடிப்படையை அவர் மாற்றவில்லை. தோட்டாப் பெட்டியைத்தான் மாற்றினார். அதனை வளைந்த வடிவில் செய்தார். தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டையான தகட்டுக்குப் பதில் உருளும் சிறு உருளைகளை வைத்தார். அடுத்து, போல்ட்டின் மேனியில் திருகு வரம்புகளை அமைத்து, உள்ளே புகும் மண்ணை அதுவே வழித்துத் தள்ளும்படி செய்தார். சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. எந்த இடத்தில் சிக்கனம் கூடாதோ அந்த இடத்தைக் கண்டுபிடித்தவரே பாச்செட். இந்த ஸ்டெர்லிங் வகைதான் 1960-களிலிருந்து நம் கான்பூரின் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் கார்பைன் என்ற பெயரால் செய்யப்பட்டு, நம் படைக்கும் காவல்துறைக்கும் பல்லாண்டுகள் பயன்பட்டது. பத்திரிகைக்காரர்கள் அதனையும் ‘ஸ்டென் கன்’ என்றே எழுதிப் பழகிவிட்டனர். அன்னையின் குறை மகளுக்கு இல்லை. பெயர் மட்டும் தொடர்ந்தது.

இனி நம் எண்ணத்தைச் சொல்லி முடிப்போம்.

‘அவசரக் கோலம் அள்ளித் தெளி’ என்பது பழமொழி. ஸ்டென்னை அவ்வாறு தள்ளிவிட நம் மனம் இசையவில்லை. வாசலில் விருந்தாளி வந்து நிற்கும்போது அள்ளித் தெளித்த கோலமும் கோலமே. 1941-இல் இங்கிலாந்துக்கு வேண்டியது நூறாண்டு நிற்கும் துப்பாக்கி அன்று. அடுத்த மாதமே கைக்கு வரும் துப்பாக்கி. காலத்தில் வராத நன்மையால் யாருக்கு என்ன பயன்? ஆகவே சிக்கனம் குற்றமன்று. எல்லா உறுப்புகளையும் ஒரே கண்ணால் பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு சிக்கனம் செய்ததுதான் குற்றம். ஒரு பொருளில் நூறு இடங்களில் அலட்சியமாய் இருக்கலாம். ஓரிடத்தில் இருக்கக்கூடாது. அந்த ஓரிடம் எது என்று அறிவதே தொழில்.

இது நம் சொந்த அனுபவமும் ஆகும். 1987-ஆம் ஆண்டு நாம் பணிபுரிந்த தொழிற்சாலையில் லாரிகளின் தடைக்கருவியில் சேரும் சிறு இணைப்பு ஆணிகள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு வந்தன. கடைந்த பின்னர் அவற்றைச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. உலை பழுதாகிக் கிடந்தது. பதம் ஏற்றாமலே ஒரு தொகுதியை அனுப்பிவிடலாம், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கையொப்பமிடும் என்று மேலாளர் கட்டளையிட்டார். அதே வாரத்தில் மேல்மூடிகளின் வர்ணம் திட்டுத்திட்டாக இருந்ததை நாம் மறுப்பின்றி ஏற்றுக் கையொப்பமிட்டிருந்தோம். வர்ணத்தால் லாரி கவிழாது. ஆணிக்கு மட்டும் கையொப்பமிடவில்லை. அந்தத் தொகுதி எட்டு நாள் தாமதமாக, வெளியே கொடுத்துப் பதம் ஏற்றிய பின்னரே சென்றது. நமக்குக் கிடைத்த பரிசு, பண்டக சாலையில் சாக்குகளை எண்ணும் வேலை; இரண்டு ஆண்டுகள் ஊதிய உயர்வும் இல்லை. பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு தொடங்கிய சமயம் அது. இல்லத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் ஏன் கையொப்பமிடவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹவில்தார் மாமா மட்டும் வந்து, “யாரோ ஒரு டிரைவர் வீடு போய்ச் சேருவான் தம்பி. அவனுக்கு உங்கள் பெயர் தெரியப் போவதில்லை, அதனால் என்ன?” என்றார்.

அந்த அறிவை நமக்கு ஊட்டியது தொழிற்சாலை மட்டுமன்று. நாம் குடும்பத்தோடு இந்நகருக்கு வந்த புதிதில் ஓர் அறைதான் வீடு. நாற்காலி இல்லை; ஜன்னலுக்குத் திரை பழைய சேலை; பாத்திரங்கள் பாதி இரவல். எல்லாவற்றிலும் சிக்கனம் செய்த இல்லாள், மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கும்போது மட்டும் பழைய பொருள் வேண்டாம் என்று உறுதியாக நின்றாள். சந்தையில் பாதி விலைக்குக் கிடைத்தது. “கட்டில் உடைந்தால் கீழே படுக்கலாம், ஸ்டவ் வெடித்தால் என்ன செய்வது?” என்று கேட்டாள். அந்நாளில் ஸ்டவ் வெடித்துப் பெண்கள் மாண்ட செய்தி வாராத வாரமில்லை. அவள் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் அறியாள்; ஆயினும் ஷெப்பர்டும் டர்பினும் தவறவிட்ட கேள்வியை அவள் கேட்டாள். வேற்றூரில் வெறுங்கையோடு வாழத் தொடங்கிய நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்ட ஒருவர் இருந்திருப்பார்.

இன்று நம் பிள்ளைகள் பெங்களூரிலும் பூனாவிலும் கடல் கடந்தும் புதுப்புதுக் கருவிகளை அமைக்கிறார்கள். விரைவாகச் செய், மலிவாகச் செய் என்பதே எங்கும் கட்டளை. அக்கட்டளை தவறென்று நாம் சொல்ல மாட்டோம். ஸ்டென்னும் அக்கட்டளையில் பிறந்து உலகுக்கு உதவியதுதான். ஆனால் வரைபடத்தை மூடுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். இதிலே பிசகக்கூடாத வாயோரம் எது? அது பிசகினால் அடிபடுபவன் இந்த அறையில் இருக்கிறானா, வெளியே இருக்கிறானா? பெரும்பாலும் அவன் வெளியேதான் இருப்பான். அவனுக்காகப் பேச அந்த அறையில் ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நமக்கு மகிழ்ச்சியே.